பழைய கம்ப்யூட்டர் தரும் புண்ணியவான்களுக்கு ஒரு மடல்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களின் வணிகர் சங்கங்களுக்கும், ஜமாத்துகளுக்கும், பங்குப் பேரவைகளுக்கும், மீனவர் சங்கங்களுக்கும், வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கும்,

வணக்கம். பகலில் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தின் படிப்பகத்துக்குப் போய் அங்கே இருக்கும் ஒன்பது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பதும் உங்களைப் போன்றவர்கள் கொடுத்தவை. ஒன்றுகூட நாங்கள் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த நேரம். கடையை மூடிவிட்டு வெளியூர் போன ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், தன்னிடம் இருந்த இரண்டு கம்ப்யூட்டரையும் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் எனக்கு வேலை அதிகம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே ஒன்றை மேசையில் வைத்து ஒயரை மாட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மறுநாள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதில் உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இதுல எங்கப்பா இருக்காரு."

திரையில் 'மனு' என்று ஒரு ஃபோல்டர். அவள் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம், மீனவர் அடையாள அட்டை, அன்று கடலுக்குப் போக வாங்கிய டோக்கன் சீட்டு, அம்மாவின் ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். எல்லாம் வரிசையாக ஸ்கேன் ஆகி இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனபோது, மனு கொடுக்க அவள் அம்மா அந்தக் கடைக்குத்தான் ஓடியிருக்கிறார். அதே படகில் போன மற்றவர்களின் குடும்பத் தாள்களும் பக்கத்திலேயே இருந்தன. அப்பா அப்புறம் திரும்பி வந்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். தாள்கள் மட்டும் அங்கேயே கிடந்திருக்கின்றன.

பிள்ளை அழவில்லை, கோபப்படவில்லை. "இத வேற யாரெல்லாம் பாத்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அந்தக் கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தன் சொந்தப் படங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார். தன்னுடையது போய்விட்டது, அவ்வளவுதானே என்று நினைத்திருக்கிறார். நம்ம கடற்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது ஒருவருடைய சமாச்சாரமா? தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பாஸ்புக், பாசி எடுக்கும் பெண்கள் குழுக்கடனுக்குக் கொடுத்த போட்டோவும் ஆதாரும், சவூதிக்குப் போகிற பையனின் பாஸ்போர்ட், ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பம், யாரோ ஒருவரின் மருத்துவ ரிப்போர்ட். ஊரே அதற்குள் இருக்கிறது. கம்ப்யூட்டர் உங்களுடையது, தாராளமாகத் தானம் செய்யலாம். அதற்குள் இருக்கும் அடுத்த வீட்டுக்காரியின் ஆதாரைத் தானம் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

"அதான் டெலீட் பண்ணியாச்சே, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணியாச்சே" என்பார்கள். வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவர் ஊரை விட்டுப் போய்விடுவாரா? பட்டியலில் பேர் இருக்காது, ஆள் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். டெலீட் என்பதும் இதுதான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டு, 'இந்த இடம் காலி, வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்' என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். புதிதாக வேறு ஒன்று அதே இடத்தில் எழுதப்படும்வரை பழையது அசையாது. நாம் நம்பிப் போடுகிற 'குவிக் ஃபார்மேட்'டும் ஏறக்குறைய இதே கதைதான். பட்டியலையே கிழித்துவிட்டுப் புதுப் பட்டியல் போடும், வீடுகள் அப்படியே நிற்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கே இது தெரியாது. குவிக் ஃபார்மேட் போட்டுவிட்டு "சுத்தமா அழிச்சாச்சு சார்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ. பிறகு ஒருநாள் கீழக்கரையில் இருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), தங்கச்சி கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கைத் தெரியாமல் ஃபார்மேட் போட்டுவிட்டதாகக் கண் கலங்கி வந்து நின்றார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு துஆ செய்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் போனபிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. எனக்கு வருவது இன்னொருவனுக்கும் வரும்தானே? அதுவரை நான் 'அழித்து'க் கொடுத்த டிஸ்க்குகள் எல்லாம் எங்கே போய் யார் கையில் இருக்கின்றனவோ.

இது நம்ம ஊர் அறியாமை மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலட் என்ற இருவர், ஏலத்திலும் பழைய சாமான் சந்தையிலும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். வேலை செய்த 129-ல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டும். மற்றவற்றில் இருந்து 5000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒன்று ஏடிஎம் எந்திரத்துக்குள் இருந்த டிஸ்க். வங்கிக்காரர்கள் கதையே அப்படி என்றால் நம்ம ஜெராக்ஸ் கடைக்காரரை எப்படிக் குறை சொல்வது?

சரி, இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் சிலர் உடனே செய்யப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டிஸ்க்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வெறும் டப்பாவைப் படிப்பகத்துக்கு அனுப்புவீர்கள். சில பெரிய அலுவலகங்கள் அப்படித்தான் கொடுக்கின்றன. தானத்துக்குத் தானமும் ஆச்சு, பயத்துக்குப் பயமும் தீர்ந்தது. ஆனால் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் இன்ஜின் இல்லாத வள்ளம் மாதிரி. அதைக் கரையில் வைத்து அழகு பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் புது டிஸ்க் வாங்க நாங்கள் யாரிடம் போய் நிற்பது? மின்கட்டணத்துக்கே மாதாமாதம் டம்ளர் குலுக்குகிற இடம் அது. இப்படி வந்த நான்கு சிபியு-க்கள் படிப்பகத்தின் மூலையில் இன்றும் பூனைக்கு மாடிப்படியாக இருக்கின்றன.

பிடுங்கிய டிஸ்க் என்ன ஆகிறது? துபாயில் இருந்து லீவில் வந்த ஒரு நண்பர், பழைய லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, டிஸ்க்கை மட்டும் பாம்பன் பாலத்தில் இருந்து கடலில் எறிந்ததாகப் பெருமையாகச் சொன்னார். "கடலுக்குள்ள போய் யாரு எடுக்கப் போறா?" என்றார். கடல்தான் நமக்குக் குப்பைத்தொட்டி என்ற எண்ணம் இந்தக் கரையில் பிறந்தவனுக்கே வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் டிஸ்க்கின் பச்சை போர்டைத் தின்னும், உள்ளே இருக்கும் தட்டில் காந்தமாகப் பதிந்த எழுத்தைத் தண்ணீரால் அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது. கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி வானத்திலேயே சிதறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நம்ம கல்பனா சாவ்லா அதில்தான் போனார். அந்தக் கலத்தில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் தீயில் வெந்து, உருகி, டெக்சாஸில் ஒரு வறண்ட ஏரிப் படுகையில் பல மாதம் கிடந்த பிறகு கிடைத்தது. அதில் இருந்து சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டுவிட்டார்கள். வானத்தில் இருந்து விழுந்ததே பிழைத்திருக்கிறது, பாம்பனில் விழுந்ததைப் பற்றி என்ன சொல்ல? கடலுக்குள் இறங்கி அதை எடுக்க ஒருவனும் வரமாட்டான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல டிஸ்க் ஒன்று வீணாகப் போனது.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. கொடுக்கவும் பயம், எறியவும் மனசு வராது, பரணில் ஏற்றிவிடுவார்கள். நம்ம உப்புக்காற்றுக்கு இரண்டு வருஷம் போதும். மின்விசிறி இறுகிப்போகும், ரேமின் காலில் கறுப்பு ஏறும், செம்பு பச்சை பூக்கும். ரேம் காலை அழிரப்பரால் தேய்த்துப் போட்டு எழுப்பிய கம்ப்யூட்டர்கள் நிறைய உண்டு. எல்லாமே எழாது. 2011 செப்டம்பரில் இருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனை வீட்டுப் பரணில் இப்படி உறங்குகின்றன என்று நினைத்துப் பாருங்கள். அக்காவுக்குக் கொடுத்தது, அண்ணனுக்குக் கொடுத்தது. பாட்டரி செத்திருக்கும், மற்றபடி பிழைக்கும். அதில் அக்காவின் கல்லூரிக் காலப் படங்கள் இருக்கின்றன என்ற ஒரே காரணத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகாமல் கிடக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்து என்னென்னவோ செய்கிற காலம் இது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. அது பரண் இல்லை. ஒரு ராத்திரி வேலை.

அந்த வேலையைச் சொல்கிறேன். முதலில் வேண்டியதை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், துடைத்தபிறகு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அப்போது நானும் ஃபோட்டோரெக்கும் ஒன்றும் செய்ய முடியாது. வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஜிஎஸ்டி கணக்கை, அந்த வருஷத்து ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யக் கெடு வைத்த நாளில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். டேலி பேக்கப்பை எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே மற்றது. திறக்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

அடுத்து, கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் வெப், மைக்ரோசாஃப்ட் கணக்கு எல்லாவற்றில் இருந்தும் வெளியேறுங்கள். ஆப்பிள் மடிக்கணினியாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். கணக்கில் இருந்து எடுக்காமல் கொடுத்தால் அது எங்களுக்கு வெறும் தட்டு, திறக்கவே திறக்காது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் எழும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு தம்பி" என்று ஒரு வருஷம் கழித்துப் போனில் சொல்லிப் பயன் இல்லை.

அப்புறம் துடைப்பது. விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் ரெகவரி என்ற பகுதிக்குப் போய், 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுவது. அப்படியே அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டு போகாமல், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து 'கிளீன் டேட்டா' என்பதை 'எஸ்' ஆக்குங்கள். அது இல்லாவிட்டால் நாம் பார்த்த அதே பட்டியல் கிழிக்கிற வேலைதான் நடக்கும். இதைப் போட்டால் மணிக்கணக்கில் ஓடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுத்தால் விடிந்ததும் முடிந்திருக்கும். சார்ஜரில் போட்டுவையுங்கள். கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் மறுபடி முதலில் இருந்து.

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால், ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி அதிலேயே பூட் செய்யலாம், அதாவது அதை வைத்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம். அதில் 'டிஸ்க்ஸ்' என்றொரு கருவி இருக்கிறது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது, பூஜ்யங்களால் மேலெழுது என்ற மெதுவான வழியைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லையா, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, 'குவிக்' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடலாம். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். 500 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தளர்ந்த டிஸ்க் என்றால் கூடும். எந்த வழியாக இருந்தாலும் எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று இரண்டு தடவை பாருங்கள். வேறு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏழு தடவை எழுத வேண்டும், 35 தடவை எழுத வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். அந்த 35 என்பது பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் 1996-ல், அந்தக் காலத்து டிஸ்க்குகளை எல்லாம் கணக்கில் வைத்து எழுதியது. இன்றைய டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2014-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியும், சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே தடவை மேலெழுதுவதே பொதுவாகப் போதும் என்கிறது. ஒரு தடவை, முழுசாக. அதுதான் கணக்கு.

எஸ்எஸ்டி என்ற புது ரக டிஸ்க் மட்டும் கொஞ்சம் வேறு சாதி. அதில் சுழலும் தட்டு கிடையாது, எல்லாம் சில்லு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் தேய்ந்துபோகும் என்பதால், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைக்கும். நாம் பூஜ்யம் எழுதியதாக நினைக்கும் இடம் ஒன்று, அது உண்மையில் எழுதிய இடம் வேறு. பழையது எங்காவது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் எஸ்எஸ்டி-யைத் தயாரித்த கம்பெனியே தரும் மென்பொருளிலோ, சில லேப்டாப்புகளில் பயாஸிலேயோ இருக்கும் 'செக்யூர் இரேஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆரம்பத்தில் இருந்தே பிட்லாக்கர் மாதிரி பூட்டு போட்டு வைத்திருந்தவர்கள் பாக்கியவான்கள். சாவி போனால் உள்ளே இருப்பது வெறும் கிறுக்கல்.

கம்ப்யூட்டர் என்றதும் கம்ப்யூட்டரை மட்டும் நினைக்காதீர்கள். கடையில் சிசிடிவி மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த டிவிஆர் பெட்டிக்குள்ளும் ஹார்ட் டிஸ்க்தான். உங்கள் கடைக்கு வந்த ஒவ்வொரு முகமும் அதில் இருக்கிறது. பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றிலும் டிஸ்க் உண்டு, நகல் எடுத்த தாள்களின் படம் அதில் தங்கலாம். மெஷினை விற்கும்போது மெக்கானிக்கிடம் கேளுங்கள். கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லத்தான் வேண்டும் என்றால், உங்கள் டிஸ்க்கில் இருப்பது ஊர்ப் பெண்களின் மானம்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக ஒருவரிடம் விவரம் வாங்கினோமோ அந்த வேலை முடிந்து, வேறு சட்டப்படி வைத்திருக்கவும் தேவை இல்லையென்றால் அதை அழித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். விவரங்களைக் காப்பாற்றத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் போட அதில் இடம் உண்டு. ஜெராக்ஸ் கடை மேல் அவ்வளவு பெரிய கல் விழாது என்று நினைக்கிறேன். சங்கங்களும் அலுவலகங்களும் இனிமேல் 'தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது சங்கங்களிடம் நான் கேட்பதற்கு வருகிறேன். தனித்தனியாக ஒவ்வொருவரையும் துடைக்கச் சொன்னால் நடக்காது என்று எனக்கே தெரியும். சுவிட்ச் போடத் தெரிந்த அளவுக்குத்தான் நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அதனால் ஒன்று செய்யலாம். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஊரில் ஆள் இருக்கும், காலேஜ் பையன்கள் லீவில் வந்திருப்பார்கள், அடுத்து பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. அந்த நாட்களில் ஒவ்வொரு சங்கமும் தன் கட்டடத்திலோ, ஜமாத் மண்டபத்திலோ, கோயில் அல்லது தேவாலய வளாகத்திலோ இரண்டு மேசை போட்டால் போதும். கம்ப்யூட்டர் படிக்கும் நான்கு பிள்ளைகள், இரண்டு யுபிஎஸ், ஒரு பெரிய நோட்டு. கொடுக்கிறவர் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க அவர் கண்முன்னால் துடைக்க வேண்டும். டிஸ்க்கின் சீரியல் நம்பர், துடைத்த தேதி, எந்த வழியில் துடைத்தது, யார் துடைத்தது என்று நோட்டில் எழுதி, அவருக்கு ஒரு சீட்டும் கொடுத்துவிட வேண்டும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் முழுக்க இப்படி ஒரு மேசை இருந்தால் எத்தனை பரண் காலியாகும்! பயிற்சி கொடுக்க நான் வருகிறேன். கூலி வேண்டாம், மீன் குழம்பு சாப்பாடு போட்டால் போதும்.

பழைய கம்ப்யூட்டர் எதற்கு ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்களை அலுவலகங்கள் வெளியே தள்ளத் தொடங்கியிருக்கின்றன. அவை செத்துப்போன கம்ப்யூட்டர்கள் அல்ல. 4 ஜிபி ரேம் இருந்தால் அதில் இலகுவான லினக்ஸைப் போட்டுவிடுவோம். பதினொன்றாம் வகுப்புக்கு வேண்டிய சி ப்ளஸ் ப்ளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்கு வேண்டிய பைத்தான், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் அதில் ஓடும். எங்கள் ஒன்பதில் ஏழு அப்படித்தான் ஓடுகின்றன.

ஆனால் ஒன்று. தானம் என்ற பெயரில் குப்பையை எங்கள் வாசலில் கொட்டாதீர்கள். டிவிப்பெட்டி மாதிரி இருக்கும் பழைய குழாய் மானிட்டர் வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செத்த மதர்போர்டு, உப்பிப்போன லேப்டாப் பாட்டரி வேண்டாம். அவற்றைப் பேரீச்சம்பழக்காரரிடமும் போடாதீர்கள். அங்கிருந்து போய் யாராவது கருவேலங்காட்டுக்குள் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகை நம்ம மூக்குக்குத்தான் வரும். மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் போட்ட விதிகள் 2023 ஏப்ரலில் இருந்து நடப்பில் உள்ளன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு பாட்டரியைக் கொண்டுபோய் அவர்களைத் தேட முடியாது. சங்கம் சேர்த்துவைத்து ஒரு வண்டி பேசி அனுப்பினால் முடியும். எதிரே இருப்பது 21 தீவுகளோடு 1986-ல் தேசியப் பூங்கா ஆன கடல். பாலத்தில் இருந்து எறிகிற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு உறுதி தர வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடல் ஒருதலைப்பட்சமாக இருக்கும். இனிமேல் படிப்பகத்துக்கு வரும் எந்தக் கம்ப்யூட்டரையும் பிள்ளைகள் தொடும் முன்னால் நானே பென்டிரைவில் பூட் செய்து, உள்ளே எட்டிப் பார்க்காமல், இன்னொரு தடவை துடைப்பேன். நீங்கள் துடைத்துவிட்டேன் என்று சொன்னாலும் துடைப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். துடைக்க முடியாதபடி பழுதான டிஸ்க் என்றால், உங்களைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் தட்டில் துளை போட்டு உடைப்போம். அந்த ஒரு டிஸ்க்குக்குச் சுத்தியல் தேவைதான்.

அந்தப் பிள்ளையின் அப்பா தாள்கள் இருந்த கம்ப்யூட்டரை அன்று ராத்திரியே துடைத்தேன். முடியும்வரை போகமாட்டேன் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சதவீதம் ஏற ஏற எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதரை மணிக்கு அவள் அப்பாவே தேடிக்கொண்டு வந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று நான் விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "எம் பேரு போயிருச்சா?" என்று கேட்டார். இன்னும் 12 சதவீதம் இருக்கிறது என்றேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிக்கு,
படிப்பகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் உங்களில் ஒருவன்

பி.கு.: லேப்டாப் தருகிறவர்கள் சார்ஜரையும் சேர்த்துத் தாருங்கள். எங்களிடம் சார்ஜர் இல்லாத லேப்டாப் மூன்றும், லேப்டாப் இல்லாத சார்ஜர் ஐந்தும் இருக்கின்றன. ஒன்றுகூட ஒன்றுக்கொன்று சேரவில்லை.